முள் பிழைபட்டால் எங்கே திருத்துவது?

பழைய மகிழுந்தின் வெப்பமானி பழுதுபட்டால் அதன் உடைமையாளர் இரண்டு வகையில் ஏமாறுவார். முள் கூட்டிக் காட்டினால், நலமாக ஓடும் பொறியின்மேல் ஐயங்கொண்டு கதிர்வீசியைக் கழற்றுவார், நீரேற்றியை மாற்றுவார், காற்றாடிக்குப் புதுப் பட்டை போடுவார். முள் குறைத்துக் காட்டினால், கொதித்துக்கொண்டிருக்கும் பொறியை நம்பி இன்னும் பத்துக் கல் ஓட்டிச் சென்று உருளைத்தலையை வளைத்துவிடுவார். முதல் பிழை பணத்தைத் தின்னும். இரண்டாவது பொறியையே தின்னும்.

வெப்பமானி ஒற்றைக் கருவியாகத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு சங்கிலி. பொறியைச் சுற்றியோடும் நீர், அந்நீரில் தோய்ந்திருக்கும் உணரி, உணர்ந்ததை முகப்புக்குக் கொண்டுவரும் குழாயோ கம்பியோ, அதை அசைவாக மாற்றும் பொறியமைவு, இறுதியில் முள் என்று கண்ணிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பிழை எந்தக் கண்ணியில் பிறந்ததோ அந்தக் கண்ணியிலேயே அதைத் தீர்க்க வேண்டும். வேறொரு கண்ணியில் ஈடுகட்டினால் ஏதோ ஒரு வெப்பநிலையில் மட்டும் முள் மெய் சொல்லும். மற்ற இடங்களில் பழையபடி பொய்தான். திருத்தும் கலை முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கும்.

இங்கு நாம் எடுத்துக்கொள்பவை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான வண்டிகள். 1955 முதல் 1962 வரை ஆபிங்டனில் கட்டப்பட்ட எம்.ஜி.ஏ, அக்காலத்து ஆஸ்டின்-ஹீலி, சற்று முந்திய ஜாகுவார் எக்ஸ்.கே. 120 ஆகியவற்றில் நீரின் வெப்பநிலையை ஆவியழுத்தத்தால் அறிந்தனர். 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் போன்ற வண்டிகளில் அப்பணியை மின்னோட்டம் ஏற்றது. இவற்றின் மானிகளில் பெரும்பாலானவற்றில் காணும் பெயர் ஸ்மித்ஸ். முகப்பில் பார்த்தால் இருவகையும் உடன்பிறப்புகள் போலிருக்கும். உள்ளிருக்கும் இயற்பியல் வேறாதலால் மருந்தும் வேறு. (இக்கட்டுரையில் பாகை என்பதெல்லாம் செல்சியஸ் பாகை.)

சுடுவது பொறியா, முள்ளா?

திருத்தத் தொடங்குமுன் தீர்க்க வேண்டிய வழக்கு இது. கதிர்வீசியில் சேறு படிந்தாலும், தீப்பொறி எழும் நேரம் பிந்தினாலும், வெப்பநிலைக் கதவம் பாதியில் சிக்கினாலும் பொறி உண்மையாகவே சூடேறும். அப்போது முள்ளைத் திருத்துவது, செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதாகும். எனவே வண்டியின் மானியைச் சாராத இன்னொரு சான்று வேண்டும்.

எளிய சான்று ஒரு நல்ல கண்ணாடி வெப்பமானி. பொறி குளிர்ந்திருக்கும்போதே கதிர்வீசியின் மூடியைத் திறந்து, வெப்பமானியின் நுனியை மேல்தொட்டியின் நீரில் அமிழ்த்திப் பொறியை ஓடவிட வேண்டும். அக்கால வண்டிகளின் வெப்பநிலைக் கதவங்கள் பெரும்பாலும் 74 முதல் 82 பாகைக்குள் திறப்பவை. கதவம் திறந்ததும் சூடான நீர் மேல்தொட்டிக்குள் பாய்வதை வெப்பமானியின் விரைந்த ஏற்றமே காட்டிக்கொடுக்கும். அந்நேரம் முகப்பின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் முதல் ஒப்பீடு கிடைத்துவிடும்.

சூடான பொறியின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்த மூடி உள்ள வண்டியில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு தாங்கும் மூடியின்கீழ் அது ஏறத்தாழ 107 பாகையிலும், 7 பவுண்டு மூடியின்கீழ் ஏறத்தாழ 111 பாகையிலும் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கும். அதுவரை அடங்கியிருந்த நீரில் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாகிக் கொதிநீரையும் உடன் வாரிக்கொண்டு முகத்தில் அடிக்கும். இதே கணக்கு இன்னோர் உண்மையையும் சொல்கிறது: அழுத்த மூடி போட்ட வண்டியில் முள் 102 காட்டினால் அது கொதிப்பின் அறிகுறி ஆகாது.

இந்நாளில் பலர் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டிப் பிடித்து எண்ணைப் படிக்கின்றனர். அக்கருவி பரப்பு உமிழும் கதிர்வீச்சை அளந்து வெப்பநிலையை உய்த்துணர்கிறது. பரப்பு நன்றாக உமிழ்வது என்ற எடுகோளும் அதனுள் பொதிந்திருக்கிறது. கரிய வண்ணம் பூசிய வார்ப்பிரும்புக்கு அந்த எடுகோள் பொருந்தும். மெருகிட்ட அலுமினியமோ அதே சூட்டிலுள்ள கரிய பரப்பு உமிழ்வதில் பத்தில் ஒரு பங்கைக்கூட உமிழாது. அதன்மேல் நீட்டினால் உண்மையைவிட மிகக் குறைந்த எண்ணே வரும். அவ்விடத்தில் கரிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, அது சூடேறியபின் அதன்மேல் அளப்பதே முறை. இல்லையேல் பிழையான ஒரு மானியைத் திருத்தப் பிழையான இன்னொரு மானியைச் சான்றுக்கு அழைத்ததாக முடியும்.

மூடிமேல் நின்ற வெப்பமானி

மகிழுந்துக்கு வெப்பமானி வந்த தொடக்கத்திலேயே இச்சிக்கலும் உடன்வந்தது. 1910களிலும் 1920களிலும் அமெரிக்க வண்டிகளின் கதிர்வீசி மூடிமேல் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வட்டக் கருவி அழகணியாக நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி அதில் ஒரு கண்ணாடி வெப்பமானி பதிக்கப்பட்டிருந்தது. அதன் குமிழ் நீரைத் தொடவில்லை; நீருக்கு மேலிருந்த ஆவி வெளியில் தொங்கியது. தொட்டி நிறைந்திருக்கும்வரை ஆவியின் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்தொடர்ந்தது. நீர் ஒழுகி மட்டம் தாழ்ந்துவிட்டால், பொறி தகிக்கும் வேளையிலும் குமிழ் அதை முழுமையாக உணரவில்லை. ஆபத்து எப்போது மிகுகிறதோ அப்போதே கருவி நம்பத்தகாததாயிற்று.

பிற்கால மானிகளில் குமிழ் நீருக்குள்ளேயே அமிழ்ந்தது. முள் முகப்புப் பலகைக்கு வந்தது. எனினும் பழைய குறையின் நிழல் முழுதும் நீங்கவில்லை. நீர்மட்டம் குறைந்து உணரியைச் சுற்றி ஆவிக்குமிழிகள் சூழ்ந்தால் இன்றும் முள் அலைபாயும். சிலபோது தாழ்ந்தும் விழும். அலையும் முள்ளைக் கண்டால் மானியைக் கழற்றுவதற்குமுன் நீரின் மட்டத்தைப் பார்ப்பது நன்று.

ஈதர் பேசும் மொழி

எம்.ஜி.ஏ வகை மானியில் மின்சாரத்துக்கு வேலையில்லை. பொறியின் நீரில் ஒரு சிறு உலோகக் குமிழ் தோய்ந்திருக்கும். அதற்குள் ஈதர் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மம். குமிழிலிருந்து மயிரிழை போன்ற புழை கொண்ட செப்புக் குழாய் புறப்பட்டு, கம்பிச் சுருள் கவசம் பூண்டு, முகப்புவரை ஓடும். அங்கே வளைந்த தட்டையான உலோகக் குழாயொன்றில் அது முடியும். 1849இல் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் போர்டன் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே அழுத்தம் கூடினால் வளைந்த குழாய் நிமிர முயலும்; அந்த நுண்ணிய நிமிர்வைப் பற்சக்கரத் துண்டு பெருக்கி முள்ளைச் சுழற்றும்.

1846இல் பாஸ்டன் மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி அறுவைக்கு வழிவிட்டது இதே ஈதரால்தான். மகிழுந்துக்கு அது உகந்ததற்குக் காரணம் அதன் கொதிநிலை, 34.6 பாகை. அவ்வெப்பநிலையில் அதன் ஆவியழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 56 பாகையில் 2 மடங்கு. 90 பாகையில் 5 மடங்கு. 122 பாகையில் 10 மடங்கு. பொறி இயங்கும் எல்லைக்குள்ளேயே அழுத்தம் இப்படிப் பாய்ந்து ஏறுவதால் ஓர் எளிய போர்டன் குழாயே அதைப் படித்துவிடுகிறது.

இவ்வெண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 34.6இலிருந்து 56 வரை 21 பாகை ஏறியபோது அழுத்தம் கூடியது ஒரே ஒரு வளிமண்டலம். 90இலிருந்து 122 வரை 32 பாகை ஏறியபோது கூடியது ஐந்து. அதாவது கீழ்ப்பகுதியில் ஓர் அழுத்த அலகுக்கு 21 பாகை. மேற்பகுதியில் ஏறத்தாழ 6 பாகை. பழைய மானிகளின் முகத்தில் குளிர்ப்பக்கக் கோடுகள் நெருங்கியும் சூட்டுப்பக்கக் கோடுகள் விரிந்தும் நிற்பது இதனால்தான். ஓட்டுநர் எங்கே நுணுகிப் பார்க்க வேண்டுமோ அங்கே கருவியும் நுணுகிப் பேசுகிறது.

இதிலிருந்து திருத்துவோருக்கு நேரான பாடம் ஒன்று கிடைக்கிறது. முள் தன் அச்சில் ஓர் அழுத்த அலகின் அளவுக்கு நழுவிவிட்டது என்று கொள்வோம். அந்த ஒரே நழுவல் குளிர்ப்பக்கத்தில் 21 பாகைப் பிழையாகவும் சூட்டுப்பக்கத்தில் 6 பாகைப் பிழையாகவும் தோன்றும். ஆகவே நிறுத்திவைத்த வண்டியில் முள் கீழ்க்கோட்டில் சரியாக அமரவில்லையே என்று வருந்தி அங்கே திருத்துவது வீண் வேலை. நழுவிய முள்ளைக் கொதிநீரில் அமர்த்தினால், ஓட்டுநருக்கு வேண்டிய பகுதி முழுவதும் ஒழுங்காகிவிடும். குளிர்ப்பக்கத்தில் எஞ்சும் பிழையால் எவருக்கும் தீங்கில்லை.

குமிழுக்குள் இருக்கும் ஈதரின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மானி மாறாது. நீர்மமும் ஆவியும் குமிழுக்குள் சேர்ந்திருக்கும்வரை அவை கூடும் பரப்பின் வெப்பநிலை மட்டுமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. குழாய் செல்லும் வழியில் குளிர்ந்தாலும் கவலையில்லை. அங்கே ஆவி நீர்மமாகிக் குழாயை நிரப்பும், அழுத்தம் மட்டும் கடந்து செல்லும். ஆனால் கசிவால் ஈதர் பெருமளவு குறைந்துவிட்டால், ஒரு கட்டத்தில் குமிழுக்குள் நீர்மமே எஞ்சாது. அதற்குமேல் சூடேற்றினாலும் அழுத்தம் முறைப்படி ஏறாது. ஒரு வெப்பநிலைவரை ஒழுங்காக ஏறிவந்த முள் அதற்கப்பால் சோம்பி நிற்கிறதென்றால் நோய் இதுவாக இருக்கலாம். அங்கே முள்ளைத் தொடுவதில் பயனில்லை.

வெட்டி ஒட்டும் பண்டுவம்

ஆவியழுத்த மானி பெரும்பாலும் முழுதாகவே இறக்கும். பொறி ரப்பர்த் தாங்கிகள்மேல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. முகப்புப் பலகையோ உடற்கட்டோடு நிலையாக நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் ஓடும் செப்புக் குழாய் நாள்தோறும் வளைந்து நிமிர்ந்து சோர்வுற்று, குமிழோடு சேரும் கழுத்தருகே விரிசல் விடும். குழாயை நேராக இழுத்துக் கட்டாமல் வழியில் ஒரு சுருள் விட்டுப் பொருத்துவது இதைத் தடுக்கத்தான். விரிசல் விட்டால் ஈதர் ஓசையின்றிப் பறந்துவிடும். முள் அடிமட்டத்தில் படுத்துவிடும்.

பழைய மானியின் முகமும் முள்ளும் வண்டியின் அடையாளங்கள். அவற்றை எறிய மனம் வராது. அவற்றைக் காக்கும் வழியை மேலே கண்ட இயற்பியலே தருகிறது. அழுத்தம் ஈதரின் வெப்பநிலையை மட்டும் சார்ந்தது. குமிழின் வடிவையோ அதைச் செய்தவரையோ சார்ந்ததன்று. ஆகவே ஈதர் நிறைத்த மலிவான புது மானியொன்றின் குமிழையும் குழாயையும் அறுத்துப் பழைய மானியின் தலையோடு இணைத்தால், புதுக் குமிழ் பேசுவதைப் பழைய முகம் பிழையின்றிப் புரிந்துகொள்ளும்.

அறுக்கும்போது ஈதர் ஓடிவிடாதா என்ற கேள்வி எழும். விடை பனிக்கட்டியில் இருக்கிறது. நொறுக்கிய பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் அக்கலவை சுழிக்குக் கீழே பல பாகை இறங்கும். −11.5 பாகையில் ஈதரின் ஆவியழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரச அளவு. வெளிக்காற்றின் அழுத்தமோ 760. குமிழை அக்கலவையில் புதைத்துவைத்துக் குழாயை அறுத்தால் உள்ளிருப்பது வெளியே வராது. வெளிக்காற்றே சிறிது உள்ளே புகும். பின்னர் இரு குழாய் முனைகளையும் சுரண்டித் தூய்மையாக்கி, அவற்றின்மேல் இறுகப் பொருந்தும் சிறு பித்தளை உறையை நழுவவிட்டு, பற்றாசு உருக்கி இணைக்க வேண்டும். உறை ஓரளவு நீளமாக இருந்தால்தான் உருகிய பற்றாசு உள்ளே இழுக்கப்பட்டு மயிரிழைப் புழையை அடைக்காது. இணைப்பு முற்றும் ஆறும்வரை குமிழ் பனியிலேயே கிடக்க வேண்டும்.

இப்பண்டுவத்தில் எச்சரிக்கை இன்றியமையாதது. ஈதரின் ஆவி −45 பாகையிலேயே தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனத்தது. எனவே மேலெழுந்து கலையாமல் தரையோடு தவழ்ந்து எங்கோ எரியும் சுடரைத் தேடிச் செல்லும். திறந்த வெளியில், சுடரின்றி, மின் பற்றாசுக்கோலால் மட்டுமே இதைச் செய்யலாம். பழக்கமில்லாதவர் இவ்வேலைக்கென்றே இயங்கும் மானிப் பட்டறைகளிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

உள்ளே புகுந்த காற்று தன் பங்குக்குச் சிறிது அழுத்தத்தைச் சேர்க்கும்; இரு மானிகளின் குழாய்களும் நீளத்தில் மாறுபடலாம். எனவே இணைத்தபின் குமிழைக் கொதிநீரில் தோய்த்து, முள்ளை அச்சிலிருந்து மெல்ல உருவி, 100 பாகைக் கோட்டில் அமர்த்த வேண்டும். பாரன்ஹீட் முகமாயின் 212. கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த ஊர்களில் இக்கணக்கு மாறும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு பாகை தாழும்.

மின்மானியின் மெதுநடை

இ-டைப் காலத்து மின்மானியில் அழுத்தமும் இல்லை, ஈதரும் இல்லை. பொறியின் நீரில் தோய்ந்திருப்பது தெர்மிஸ்டர் எனப்படும் வெப்பத்தடையம். சூடேற ஏற இதன் மின்தடை குறையும். பொறி இயங்கும் வெப்பநிலைகளில் ஒரு பாகை ஏறினால் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவது இவ்வகைப் பொருள்களின் இயல்பு. தடை குறைந்தால் சுற்றில் மின்னோட்டம் கூடும்.

முகப்பிலுள்ள மானிக்குள் காந்தம் கிடையாது. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்றும், அதைச் சுற்றிய மெல்லிய சூடேற்றுக் கம்பியும் உண்டு. மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும். சூட்டில் பட்டை வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். இங்கே ஒரு விந்தை: பொறியின் வெப்பத்தை அறிய மானிக்குள் இன்னொரு சிறு வெப்பம் உண்டாக்கப்படுகிறது, முள் காட்டுவது அந்த இரண்டாம் வெப்பத்தையே. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளாமல் மெல்ல ஊர்ந்து வருவதும், மேடுபள்ளச் சாலையில் நடுங்காமல் நிற்பதும் பட்டை சூடேறவும் ஆறவும் எடுக்கும் நேரத்தால் வரும் நன்மைகள்.

ஆனால் கம்பியில் எழும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப மாறும். பொறி நிற்கும்போது மின்கலம் 12 வோல்ட்டு தருகிறது; ஓடும்போது மின்னாக்கி அதை 14 வரை உயர்த்துகிறது. அதை அப்படியே மானிக்குக் கொடுத்தால், நீரின் வெப்பம் மாறாதபோதும் முள் மட்டும் ஏறும். இதைத் தடுக்கப் பலகைக்குப் பின்னே கட்டைவிரல் அளவில் ஒரு பெட்டி ஒளிந்திருக்கிறது. அதுதான் மின்னழுத்த நிலைப்படுத்தி. எரிபொருள் மானிக்கும் வெப்பமானிக்கும் அதுவே பொதுவாக ஊட்டுகிறது.

நிலைப்படுத்தியின் ஏமாற்று

அப்பெட்டிக்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டையும் சூடேற்றுக் கம்பியுமே உள்ளன. பட்டை சூடேறி வளைந்தால் தொடுமுனை பிரிந்து மின்னோட்டம் அறும். ஆறினால் மீண்டும் தொடும். இப்படி இடைவிடாது தொட்டும் விட்டும், நிலையான 10 வோல்ட்டு எவ்வளவு வெப்பம் தருமோ அவ்வளவு வெப்பத்தைச் சராசரியாகத் தருகிறது. வெளியே வருவது 10 வோல்ட்டு அன்று. 12 அல்லது 14 வோல்ட்டின் துடிப்புகள்.

இதை அறியாதவர் இங்கே வழுக்கி விழுவார். கணக்கைப் பார்ப்போம். 10இன் இருமடி 100. மின்கலம் 12 வோல்ட்டு எனில் அதன் இருமடி 144. எனவே தொடுமுனை 69 விழுக்காட்டு நேரம் மூடியிருந்தால் வெப்பம் சமமாகும். 14 வோல்ட்டில் இருமடி 196. 51 விழுக்காட்டு நேரம் போதும். ஆனால் சராசரி மின்னழுத்தத்தைக் காட்டும் மின்மானியை வைத்தால் முதல் நிலையில் 8.3, இரண்டாம் நிலையில் 7.1 என்றே வரும். எண்ணியல் மானியிலோ எண்கள் ஓயாது தாவும். பத்துக்குப் பதில் ஏழு காட்டுகிறதே என்று நல்ல நிலைப்படுத்தியைத் தூக்கி எறிந்தவர் அளந்தது சராசரி மின்னழுத்தத்தை. பெட்டி காப்பாற்றியது சராசரி வெப்பத்தை.

நிலைப்படுத்தி உண்மையாகக் கெடும்போது அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும். தன் சூடேற்றுக் கம்பிக்கு அது புவித்தொடுப்பை நம்பியிருக்கிறது. துருவாலோ தளர்ந்த திருகாலோ அத்தொடுப்பு அறுந்தால் உள்ளிருக்கும் பட்டை சூடேறாது, தொடுமுனை பிரியாது, 14 வோல்ட்டு முழுமையாக மானிகளுக்குப் பாயும். வெப்பம் ஏறத்தாழ இரு மடங்காகும். அப்போது வெப்பமானி கொதிப்பைக் காட்டும். உடனே எரிபொருள் மானியும் தொட்டி நிறைந்ததாகக் காட்டும். தொடுமுனை கருகி மூடாமலே நின்றால் இரண்டு முள்ளும் சேர்ந்து படுக்கும். எனவே வெப்பமானியை ஐயுறும்போது பக்கத்து எரிபொருள் மானியையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் பிழைத்தால் குற்றம் பொதுவான பெட்டியில். வெப்பமானி மட்டும் பிழைத்தால் பெட்டி குற்றமற்றது.

பெட்டியின் மேற்பக்கம் மேலாகவே இருக்கும்படி பொருத்துவதும் வேண்டும். தலைகீழாகத் தொங்கினால் பட்டை ஆறும் வேகம் மாறும். கெட்ட பெட்டிக்குள் 10 வோல்ட்டு தரும் சிறு மின்னணு ஒழுங்கியைப் புதைத்து வெளித்தோற்றத்தைக் காப்பவர் பலர். நிலையான 10 வோல்ட்டும் துடிப்புகளும் தரும் வெப்பம் ஒன்றே ஆதலால் மானிக்கு வேறுபாடு தெரியாது. நேர்முனையைப் புவியோடு இணைத்த பழைய வண்டிகளில் மட்டும் அதற்கேற்ற ஒழுங்கியைத் தேர வேண்டும்.

உணரியின் பொருந்தாமை

இந்நாளில் மிகப் பரவலான நோய் வேறு. பழைய உணரி கெட்டதும் கடையில் கிடைக்கும் மாற்று உணரியைத் திருகுகின்றனர். மரை பொருந்துகிறது; தடை பொருந்துவதில்லை.

ஒரு கணக்கால் இதன் விளைவைப் பார்க்கலாம். மானியின் கம்பித் தடை 65 ஓம் என்றும், மூல உணரியின் தடை 90 பாகையில் 50 ஓம், 60 பாகையில் 132 ஓம் என்றும் கொள்வோம். 90 பாகையில் 10 வோல்ட்டு செலுத்தும் மின்னோட்டம் 87 மில்லியாம்பியர். மாற்று உணரி எல்லா வெப்பநிலையிலும் ஐந்தில் நான்கு பங்கு தடையே கொண்டதாயின், 90 பாகையில் அது 40 ஓம், மின்னோட்டம் 95, வெப்பம் 20 விழுக்காடு மிகுதி. முள் கொதிப்பை நோக்கி ஏறி நிற்கும்.

உடனே தோன்றும் மருந்து, உணரியோடு தொடராக 10 ஓம் தடையைச் சேர்ப்பது. சேர்த்தால் 90 பாகையில் 50 ஓம் ஆகிவிடும். முள் அச்சாக நிற்கும். ஆனால் 60 பாகையில் மூலத்தின் 132 ஓமுக்கு எதிரே இப்போது இருப்பது ஏறத்தாழ 116. வெப்பம் இன்னும் 19 விழுக்காடு மிகுதி. குளிர்ந்த பொறியை வெதுவெதுப்பாகக் காட்டும் பிழை இன்னும் எஞ்சியிருக்கிறது. முள் தாழ்ந்து காட்டும் வண்டியில் உணரிக்கு இணையாகத் தடையைச் சேர்ப்பதும் இத்தகைய பாதி மருந்தே. உணரி என்ற கண்ணியில் பிறந்த பிழையைக் கம்பி என்ற கண்ணியில் ஈடுகட்டியதன் பயன் இது. சரியான தடை வளைவு கொண்ட உணரி கிடைக்கவே இல்லை என்ற நிலையில்தான் இதை நாடலாம். அப்போதும் எந்த வெப்பநிலையில் மெய் வேண்டும் என்று தெளிந்து, ஆபத்து நெருங்கும் பக்கத்தைத் தேர வேண்டும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. உணரியின் மின்னோட்டம் அதன் மரை வழியாகவே பொறிக்குள் இறங்கிப் புவியை அடைகிறது. மரையில் வெண்ணிற அடைப்பு நாடாவை மிகையாகச் சுற்றினாலும், பொறிக்கும் உடற்கட்டுக்கும் இடையேயுள்ள பின்னல் கம்பி துருவேறினாலும் வேண்டாத தடை சேரும். மேற்கண்ட கணக்கில் 5 ஓம் கூடினாலே வெப்பம் 8 விழுக்காடு குறையும். இது முள்ளைத் தாழ்த்தும் பிழை. பொறியைக் கொல்லும் வகையைச் சேர்ந்தது. புது உணரி வாங்குமுன் உப்புத்தாளால் தொடுப்புகளைத் துலக்குவது செலவில்லாத சிகிச்சை.

கொதிநீர் என்னும் நடுவர்

இருவகை மானிக்கும் இறுதித் தீர்ப்பு வழங்குவது அடுப்பில் ஏற்றிய ஒரு கலம் நீர். உணரியைக் கம்பியால் கட்டி, கலத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிட வேண்டும். அடித்தகடு நீரைவிடச் சூடானது. கண்ணாடி வெப்பமானியின் நுனி உணரியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மின்னுணரியாயின் அதன் மேல்முனை நனையாமலும், உடலிலிருந்து ஒரு கம்பி வண்டியின் புவிக்குச் சென்றும் இருக்க வேண்டும். நீரை இடையறாது கலக்கி, தணலைக் குறைத்து மெல்ல ஏற்ற வேண்டும். ஒவ்வோர் அளவிலும் முள் ஓய்ந்து நிற்கும்வரை பொறுத்துக் குறிக்க வேண்டும். ஈருலோக மானியில் அவசரம் உதவாது. ஏறும்போது எடுத்த அளவுகளை ஆறும்போதும் எடுத்தால், மானியின் சோம்பலும் அதன் பிழையும் தனித்தனியே தெரியும்.

60, 80, 100 ஆகிய மூன்று அளவுகள் போதும். மூன்றிலும் ஒரே திசையில் ஒரே நகர்வு எனில் முள் நழுவியிருக்கிறது. வெப்பம் ஏற ஏறப் பிழையும் வளர்கிறதெனில் உணரியையோ மின்னழுத்தத்தையோ ஐயுறலாம். ஒரு கட்டத்துக்குமேல் முள் நகரவே மறுத்தால் ஈதர் குறைந்திருக்கிறது. ஒரே ஓர் அளவு எடுத்தவனுக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே அவன் கையில் அகப்பட்டதைத் திருப்புவான். மின்மானிகளின் முதுகில் சிறு தக்கைகளால் மூடிய துளைகளும் அவற்றின்கீழ் பல்வைத்த திருத்துதகடுகளும் இருப்பது அவனுக்குப் பெரிய சபலம். உணரி, தொடுப்பு, நிலைப்படுத்தி மூன்றும் நலமெனத் தெளிந்த பிறகே அத்தக்கைகளை அகற்றும் உரிமை பிறக்கிறது. அதற்குமுன் அங்கே திருப்புளியை நுழைத்தால் சங்கிலியில் நலமாயிருந்த ஒரே கண்ணியும் பிழைபடும். அடுத்து வருபவர் இரண்டு பிழைகளைத் தேட வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்தபின்னும் இரண்டு மூன்று பாகை எஞ்சலாம். செய்த நாளிலேயே இம்மானிகள் ஆய்வுக்கூடக் கருவிகள் அல்ல. ஆகவே அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெய்யான வெப்பநிலையையும் முள் காட்டியதையும் எதிரெதிரே எழுதி, அந்தச் சீட்டை வண்டியின் கையேட்டுக்குள் வைப்பது நல்ல பழக்கம். பிழையின் அளவை அறிந்த மானி, பிழையே இல்லை என்று நம்பப்படும் மானியைவிட ஓட்டுநருக்குப் பயன் மிக்கது.